இமையோரத்துக் குடித்தனம்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. மருத்துவ மாத இதழ் ஒன்று, கண்ணில் வாழும் கிருமிகளைப் பற்றி எளிய நடையில் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருந்தது. வாசகரைப் பயமுறுத்த வேண்டாம், கலைச்சொற்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், படங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் ஆசிரியர். நானும் ஒரு கண் மருத்துவமனையின் ஆய்வகத்தில் அனுமதி வாங்கி, ஒரு முற்பகல் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துவிட்டு வீடு திரும்பி, இப்படித் தொடங்கினேன்:

"நம் கண்ணின் மேற்பரப்பு காலி மனை அல்ல. இமையோரத்திலும் வெண்விழிச் சவ்வின் மேலும் எந்நேரமும் நுண்ணுயிர்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவற்றில் பெரும்பாலானவை கிராம் பாசிட்டிவ் என்ற வகையைச் சேர்ந்தவை. இவை—"

இவை என்பதோடு கை நின்றுவிட்டது. ஆய்வக வாசலில் பார்த்த ஒரு பெண்மணி குறுக்கே வந்துவிட்டாள்.

நான் வெளியே வந்தபோது கதவோர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள்.

"உள்ள இருந்துதானே வர்றீங்க? அது மண்ணுல இருக்கற கிருமியா சார்?"

கட்டுரை அன்றோடு போயிற்று. ஆசிரியர் இன்னும் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

2

அவளைக் குட்டி என்று அழைக்கப்போகிறேன். அவளுடைய அக்கா அப்படித்தான் கூப்பிடுகிறாள், தங்கைக்குத் தலை நரைத்த பிறகும்.

குட்டிக்கும் அவள் கணவருக்கும் ஊருக்கு வெளியே செடிப் பண்ணை இருக்கிறது. ஒட்டுக் கட்டுவது அவள் வேலை. ஒரு ரோஜாவின் தண்டைக் கீறி இன்னொன்றின் மொட்டைச் செருகிச் சுற்றிக் கட்டுவாள். அவள் கட்டியது பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். நாள் பூராவும் மண்ணில் புழங்கும் கை என்பதால் நகக்கண்களில் ஒரு கரிய கோடு எப்போதும் இருக்கும். தேய்த்துக் குளித்தாலும் போகாது.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தமாகப் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறாள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று தனி பிரேக்குடன் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவள். அதனாலோ என்னவோ, யார் எதைச் செய்தாலும் அக்காவின் கால் ஒரு பிரேக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். குட்டி கல்யாணம் செய்துகொண்டபோதும் தேடியது, பண்ணை தொடங்கியபோதும் தேடியது. ("ரெண்டுலயும் மிதிச்சும் பார்த்தா. வண்டி நிக்கல" என்றாள் குட்டி என்னிடம்.)

அக்கா தனியாக இருக்கிறாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மாணவர்கள் சிக்னலை மீறுவது தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்த அன்றைக்கே பள்ளியைப் பூட்டிவிட்டு, ஒரு கண்ணுக்கு முதலில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்துக்கொண்டாள். சொட்டு மருந்து ஊற்ற ஆள் வேண்டும். குட்டி பண்ணையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையுடன் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

[முதல் வரைவில் இந்த அக்காவைக் கொடுமைக்காரியாக்கியிருந்தேன். எழுத வசதியாக இருந்தது. ஆனால் தங்கை வந்த அன்று, அவளுக்கென்று புதுத் தலையணை வாங்கி வைத்திருந்தாளாம் அக்கா. கழுத்துவலிக்காரி என்று நினைவு வைத்து, மெல்லிய தலையணை. அதைக் கேட்ட பிறகு அந்த வரைவைக் கிழித்துப் போட்டேன்.]

3

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்கா மறுநாளே சன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரின் நிறத்தைக் குறை சொல்ல ஆரம்பித்தாள். இத்தனை நாள் அதை வெள்ளை என்று நினைத்திருந்தாளாம்.

சொட்டு மருந்து நேரம் வந்தால் அக்கா நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். குட்டி கைகழுவிவிட்டு வருவாள்.

"கழுவினியா?"

"கழுவிட்டேன்க்கா."

"சோப்பு போட்டு?"

"போட்டுதான்."

"நகத்துக்குள்ள?"

குட்டி கீழிமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு விடுவாள். துளி சரியாக உள்ளே விழும். செடியின் கீறலுக்குள் மொட்டைச் செருகுகிற கைக்கு இது பெரிய வித்தை இல்லை.

ஒரு நாள் பிற்பகல். பால்கனியில் அக்கா வளர்க்கிற ஒரே ஒரு செடி தொட்டியில் வாடிக் கிடந்தது. குட்டிக்குப் பொறுக்கவில்லை. தொட்டியை வெயிலுக்குத் திருப்பி வைத்தாள், காய்ந்த மண்ணை விரலால் கிளறிவிட்டாள். அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "குட்டி, மருந்து நேரம்." சமையலறைப் பக்கம் போனாள். மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா அன்றைக்கு மட்டும் எதுவும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அவள் கைகழுவினாளா?

நான் கேட்டேன். குட்டி வெகுநேரம் யோசித்தாள். "கழுவினேன்னுதான் நினைக்கறேன். கழுவாம போற ஆள் இல்ல நான். ஆனா அன்னிக்கு கழுவினது தனியா ஞாபகம் வரல. தினமும் கழுவறதெல்லாம் ஒண்ணா சேர்ந்துகிட்டு நிக்குது."

ஒரு கதைக்காரனுக்கு இது சின்ன விஷயம். "அவள் குழாயைத் திறந்தாள்" என்று ஒரு வாக்கியம் போட்டால் தீர்ந்தது. போட்டுப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கே கிடைக்காத குழாய்த் தண்ணீரை நான் திறந்துவிடுவது முறையில்லை என்று பட்டது.

4

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ, விடிந்ததும் அக்கா கூப்பிட்டாள். கண் கனக்கிறது என்றாள். பார்வைக்கு முன்னால் புகை போட்டதுபோல் இருக்கிறது என்றாள். குட்டி இமையை விலக்கிப் பார்த்தாள். வெண்விழி முழுக்கச் சிவந்திருந்தது. கருவிழியின் அடிப்பகுதியில் வெளுப்பாக ஏதோ தேங்கி நின்றது.

மருத்துவமனையில் கண் டாக்டர் அதிகம் பேசவில்லை. இளவயதுப் பெண்தான், ஆனால் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதவர். கண்ணுக்கு உள்ளேயே தொற்று புகுந்திருக்கிறது, உடனே உள்ளிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு மருந்தையும் கண்ணுக்குள்ளேயே ஊசியால் செலுத்த வேண்டும் என்றார்.

"பார்வை வந்துருமா?" என்றாள் அக்கா.

"எந்தக் கிருமின்னு தெரிஞ்சாதான் சொல்ல முடியும்மா. சிலது பொறுமையா இருக்கும். சிலது ஒரே நாள்ல கண்ணை முடிச்சுரும்."

"மண்ணுல இருக்கறதா?"

"மண்ணுல இருக்கற ஒண்ணு இருக்கு. அது மோசமானதுதான். ஏன் கேக்கறீங்க?"

அக்கா திரும்பினாள். வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருந்த கூடம் அது. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"மண்ணு அள்ளுற கை. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்."

ஊசி போட அக்காவை உள்ளே அழைத்துப் போனார்கள். சிறிது நேரத்தில் ஒரு ஊழியர் சின்னக் குப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். குட்டி அவர் பின்னாலேயே போய், ஆய்வக வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதுதான் நான் அவளைப் பார்த்த நேரம்.

5

(கட்டுரைக்கென்று எடுத்த குறிப்பிலிருந்து பிழைத்த பகுதி. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம் என்று எழுத நினைத்தேன். தாண்டினால் குட்டியின் கேள்வி புரியாது. படித்துவிடுங்கள்.)

கண்ணாடித் தகட்டில் மாதிரியைத் தடவி ஊதாச் சாயம் ஊற்றுகிறார்கள். பிறகு ஆல்கஹால் விட்டு அலசுகிறார்கள். சுவர் தடித்த கிருமிகள் எவ்வளவு அலசினாலும் ஊதாவை விடுவதில்லை. அவைதான் கிராம் பாசிட்டிவ். சுவர் மெலிந்தவை சாயத்தைத் தொலைத்துவிட்டு, அடுத்து ஊற்றும் சிவப்பை ஏற்றுக்கொள்ளும். கிராம் என்பது இந்த முறையைக் கண்டுபிடித்தவரின் பெயர், எடைக்கல்லோடு சம்பந்தமில்லை. பாசிட்டிவ் என்பதும் நற்செய்தி இல்லை.

இமையோரத்தில் குடியிருக்கும் உருண்டைக் கிருமிகள் ஊதா. நம் தோல் முழுக்க இருப்பவையும் அவையே. வெளியே இருக்கும்வரை அவற்றால் உபத்திரவம் இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு மற்றக் கிருமிகளை ஒட்டவிடாமல் செய்கின்றன என்றுகூட ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். வாசலில் படுத்திருப்பவர் வீட்டுக்குள் புகுந்தால்தான் வம்பு. கண்ணின் உட்புறத்தில் யாருமே குடியிருக்கக் கூடாது.

மண்ணில் வாழும் ஒரு நீள் குச்சிக் கிருமியும் ஊதாதான். அது கண்ணுக்குள் புகுந்தால் பெரும்பாலும் கண் மிஞ்சாது.

ஆக, நிறத்தை வைத்துக் குட்டியைக் குற்றம் சொல்லவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

நர்ஸ் ஒருத்தி போகிற போக்கில் "கிராம் பாசிட்டிவ்னு சொல்றாங்க" என்று குட்டியிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மிச்சத்தை யாரும் சொல்லவில்லை. அதனால்தான் என்னைக் கேட்டாள்.

"நான் டாக்டர் இல்லம்மா. கட்டுரை எழுத வந்தவன்."

"கண்ணால பாத்தீங்கள்ல?"

"பார்த்தேன். அது உங்க அக்காவோடதான்னுகூட எனக்குத் தெரியாது."

"என்ன பாத்தீங்களோ அத சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. "ஊதாவா, உருண்டை உருண்டையா, கொத்துக் கொத்தா இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும். டாக்டர்கிட்ட கேளுங்க."

"உருண்டைன்னா நல்லதா?"

எனக்கு அப்போது தெரிந்திருந்தது. ஆனால் சொல்லவேண்டியவர் டாக்டர். "கேளுங்க" என்று மறுபடி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கீழ்ப்படியில் நின்று, என் எண்ணை ஒரு சீட்டில் எழுதித் திரும்ப ஏறிப் போய்க் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனின் மூக்கு நீளம். பின்னால் அவளே கூப்பிட்டாள்.

6

இந்தப் பகுதியில் நான் இல்லை. குட்டியும் இல்லை. பின்னால் டாக்டர் குட்டியிடம் சொன்னது, அக்கா சொன்னது, இரண்டையும் ஒட்டுக் கட்டி எழுதுகிறேன். பிடித்துக்கொண்டதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மறுநாள் டாக்டர் படுக்கையருகே வந்தார். குட்டி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"உங்க நல்ல நேரம்மா. இது பொறுமையான வகை. உங்க இமையிலயே இருக்கறதுதான். எல்லார்கிட்டயும் இருக்கும், என்கிட்டயும் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி மருந்து ஊத்திக் கழுவறோம், அப்படியும் எப்பவாச்சும் ஒண்ணு ரெண்டு தப்பிச்சு உள்ள போயிரும்."

"மண்ணு இல்லையா?"

"மண்ணா இருந்தா நாம இப்படி நிதானமா பேசிட்டு இருக்க மாட்டோம்."

"என் தங்கச்சி கையிலேர்ந்து வந்திருக்குமா?"

"அடிச்சு சொல்ல முடியாது. தோல்லயும் இதே வகைதான். ஆனா பெரும்பாலும் நோயாளியோட இமையிலேர்ந்துதான் வரும். அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர் அடுத்த படுக்கைக்குப் போனார். குட்டி மருந்துப் பையுடன் வந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாங்கக்கா?"

"மருந்து நேரத்துக்கு போடணும்னாங்க" என்றாள் அக்கா.

[அக்கா ஏன் சொல்லவில்லை? வலியில் மறந்துவிட்டாள் என்று ஒரு பத்தி எழுதினேன். நம்பும்படி இல்லை. அக்கா எதையும் மறப்பவள் இல்லை. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னதைத் திரும்பப் பெற வெட்கம் என்று இன்னொரு பத்தி எழுதினேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனாலும் முழுசாக உட்காரவில்லை. இரண்டையும் விட்டுவிட்டு மேலே போகிறேன். அக்காவே சொல்வாள்.]

7

வீட்டுக்கு வந்த பிறகு மணிக்கொரு தரம் சொட்டு. முதல் சொட்டுக்கே குட்டி கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். மருந்துக் கடையில் பெட்டியாக வாங்கி வந்திருந்தாள்.

"எதுக்கு இது?"

"மண்ணு அள்ளுற கை" என்றாள் குட்டி. குத்தலாகச் சொல்லவில்லையாம். செடிக்கு உரம் வைக்கும்போது உரத்தின் பெயரைச் சொல்வதுபோல்தான் சொன்னாளாம்.

அக்கா தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கையுறை போட்ட விரலுக்கு இமை வழுக்கியது. முன்பு ஒரே துளியில் முடிந்தது, இப்போது இரண்டாவது துளி தேவைப்பட்டது. அக்காவின் கன்னத்தில் மருந்து வழிந்தது. அக்கா துடைத்துக்கொண்டாள், முணுமுணுக்கவில்லை. அவள் முணுமுணுக்காததுதான் குட்டிக்குப் பயமாக இருந்தது. பார்வை போய்விட்டது என்று முடிவுகட்டிவிட்டாள்போல என்று நினைத்தாள். கணவர் தொலைபேசியில் கூப்பிட்டு, நாற்றுக்கு ஆள் பற்றவில்லை, எப்போது வருவாய் என்று கேட்டார். "இதை இப்படியே விட்டுட்டு எப்படி வர்றது?" என்றாள். கையைக் கழுவலாம், ஆனால் கைகழுவிவிட முடியாது என்று நான் இங்கே ஒரு வாக்கியம் போட்டு, சாமர்த்தியம் துருத்துகிறது என்று எடுக்கப் பார்த்தேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது கண்ணின் சிவப்பு பாதி வடிந்திருந்தது. மங்கலாக இருந்தாலும் அக்கா பலகையில் பெரிய எழுத்துகளைப் படித்தாள். டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். குட்டியிடம் திரும்பி, "நீங்கதான் மருந்து போடறதா? நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க" என்றார். அப்போதுதான் அவள் பையிலிருந்து எட்டிப் பார்த்த கையுறைகளைக் கவனித்தார்.

"இது எதுக்கும்மா? சோப்பு போட்டுக் கழுவினா போதுமே."

"என் கையாலதான் வந்துச்சுன்னு..."

"யார் சொன்னது? அது அவங்க இமையிலயே இருக்கறது. அன்னிக்கே சொன்னேனே, அக்கா சொல்லலையா?"

குட்டி அக்காவைப் பார்த்தாள். அக்கா எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் படிக்க மிச்சம் இருப்பதுபோல.

8

இங்கே ஒரு சண்டை வர வேண்டும். வாசகர் எதிர்பார்க்கிறார், நானும் எதிர்பார்த்தேன். எழுதியும் வைத்திருந்தேன்: "குட்டி பையைத் தரையில் வீசி எறிந்துவிட்டு—". அவள் வீசவில்லை. வாடகைக் கார் பிடித்து, அக்காவின் தலை இடிக்காமல் கதவுமேல் கையை வைத்து ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டாள்.

டிரைவர் சைகை காட்டாமல் திரும்பியபோதும் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவளே ஆரம்பித்தாள்.

"டாக்டர் அன்னிக்கே சொன்னாங்க."

"ம்."

"நான்தான் உன்கிட்ட சொல்லல."

"ஏன்க்கா?"

"சொன்னா நீ கிளம்பிருவ. தப்பு உன்மேல இருக்கறவரைக்கும் நீ போக மாட்ட."

குட்டி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபமா என்று பின்னால் நான் கேட்டேன். "கோபம்தான். ஆனா அது கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. முன்னாடி வேற ஒண்ணு வந்துருச்சு" என்றாள். அந்த வேறொன்று என்ன என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் சொல் அகப்படவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்.

காருக்குள் அவள் சொன்னது இது:

"அன்னிக்கு நான் தொட்டி மண்ணைக் கிளறினேன்க்கா. அப்புறம் கழுவினேனான்னு எனக்கே நிச்சயமா தெரியல."

"தெரியும். நீ மண்ணைக் கிளறினத உள்ளேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"தினமும் கேட்டா நீ முகத்தை சுளிக்கற. ஒரு நாள் கேக்காம இருக்கலாம்னு பாத்தேன்."

"நான் கழுவினேனா?"

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள் என்கிறாள் குட்டி.

"சமையல்கட்டுக்குள்ள போன. தண்ணி சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "மாதிரிதான்" என்றாள்.

9

குட்டி உடனே கிளம்பவில்லை. சொட்டுகள் குறைந்து, நாளுக்குச் சில தடவை என்று ஆகும்வரை இருந்தாள். கையுறைகளைப் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பாத்திரம் தேய்க்கக் கொடுத்துவிட்டாள். அக்கா கைகழுவச் சொல்லி நினைவூட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு குட்டி ஊருக்குப் போனாள். அக்கா பேருந்து நிலையம் வரை வந்து, ஜன்னலோர இருக்கை கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அந்தக் கண்ணில் பார்வை திரும்பிவிட்டது. முழுசாக இல்லை. வெயிலில் ஓரங்கள் கலங்குகின்றன. பள்ளியை வேறொருவர் நடத்துகிறார். அக்கா அலுவலகத்தில் உட்கார்ந்து சாலை விதிகள் சொல்லித் தருகிறாள்.

போன வாரம் குட்டியைப் பார்க்கப் பண்ணைக்குப் போனேன். இந்த வரைவின் எட்டுப் பகுதிகளையும் படித்துக் காட்டினேன். ஒட்டுக் கட்டிக்கொண்டே கேட்டாள். ஓரிடத்தில் திருத்தினாள். தலையணை மெல்லியது இல்லையாம், நடுத்தரமாம்.

பிறகு, "அக்கா போன் பண்ணியிருந்தா" என்றாள்.

அடுத்த கண்ணிலும் புரை முற்றிவிட்டது. நாள் குறித்தாயிற்று. அக்கா சொன்னாளாம்: "இந்தத் தடவை நர்ஸ் வச்சுக்கறேன். நீ வரணும்னு இல்ல." இணைப்பைத் துண்டிப்பாள் என்று குட்டி காத்திருந்தாள். துண்டிக்கவில்லை. "வந்தா வேணாம்னு சொல்ல மாட்டேன்" என்றாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்."

"போவீங்களா?"

அவள் நாடாவைச் சுற்றி முடித்து, பல்லால் கடித்து அறுத்தாள்.

"கதைய முடிக்கறதுக்காக கேக்கறீங்களா, தெரிஞ்சுக்கணும்னு கேக்கறீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

"போனா மறுபடியும் அந்தக் கண்ணுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னு வைங்க, யார் என்ன சொன்னாலும் நான் என்னைத்தான் சந்தேகப்படுவேன். போகலன்னா, எவளோ ஒருத்தி கை அக்கா இமையத் தொடறத நினைச்சுக்கிட்டே இங்க மொட்டு வெட்டணும். நீங்க சொல்லுங்க. உங்க அக்காவா இருந்தா போவீங்களா?"

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் போகிறாள். ஒன்றில் போகவில்லை, அக்கா பண்ணைக்கு வந்து நிற்கிறாள். இன்னொன்றை இங்கே சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அதில் அழுகை அதிகம். அவள் கேட்ட கேள்விக்கு மூன்றுமே பதில் இல்லை. அவற்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அறுவை சிகிச்சை அடுத்த வாரம். நீங்கள் இதைப் படிக்கும்போது அது முடிந்திருக்கும். யாரோ ஒருவர் அந்த இமையை இழுத்துப் பிடித்து மருந்து ஊற்றிக்கொண்டிருப்பார்.

எனக்கு அக்கா இல்லை என்று சொல்லி அன்றைக்குத் தப்பித்துக்கொண்டேன். உங்களுக்கு இருக்கலாம்.